ஒரு விரலால் காட்ட முடியாத வலி

அந்த வியாழக்கிழமை பஸ் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பே எனக்குத் தெரியும். தெரியும் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது அதற்கு வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் என் தையல் கடை மாடியில் இருக்கிறது. கீழே பாத்திரக் கடை. பக்கவாட்டில் பதினெட்டுப் படி. பல வருஷமாக ஏறி இறங்குகிற படிதான். அந்த ஞாயிற்றுக்கிழமை துணிப் பையோடு ஏறும்போது பாதிப் படியில் நெஞ்சுக்கு நடுவில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. வலி என்று சொல்லிவிட முடியாது. யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்குவதுபோல இருந்தது. நின்றேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கைப்பேசியை எடுத்து எதையோ படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்தேபோனது.

திங்களன்று மறுபடி அதே படியில் வந்தது. செவ்வாயன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகமாக நடந்தபோது வந்தது. நின்றால் போனது. நடந்தால் வந்தது. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவளுக்குத் தோளும் முதுகும் வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அதனால் அதைத் தையல் வலி என்று வைத்துக்கொண்டேன். புதனன்று தாடையிலும் மந்தமாக ஒரு வலி. கடைவாய்ப் பல் சொத்தை என்று வைத்துக்கொண்டேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். இந்த இரண்டையும் அந்த வலியோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றிய நேரத்தில் வேறு வேலையைப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லாததற்கு இன்னொரு காரணம் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. என்னைவிட ஏழு வயது சின்னவள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். எங்கள் ஊர் ஒலக்கூர் பக்கம். இரண்டு பேரும் காலையில் ஒன்றாகக் கடைக்கு வருவோம்; பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் முன்னால் போய்க் கடையைத் திறப்பாள். நான் வெட்டித் தைப்பேன், அவள் கொக்கி கட்டுவாள், ஓரம் மடிப்பாள். அவளுக்கு வருஷத்தில் மூன்று நான்கு தடவை நெஞ்சு படபடக்கும். "அண்ணி, ஒரு மாதிரி பண்ணுது" என்று ஊசியைக் குத்திவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். ஈசிஜி எடுப்பார்கள். ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.

நான் சும்மா இருக்கமாட்டேன். அளவு கொடுக்க வருகிற பெண்களிடம், "எங்க நாத்தனாருக்கு ஆஸ்பத்திரிதான் பொறந்த வூடு" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். இப்படிச் சொல்லியே பழகியவள், என் நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுகிறது என்று அவளிடமே எப்படிப் போய்ச் சொல்வது?

வியாழக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஏழு ரவிக்கை கொண்டுபோக வேண்டியிருந்தது. மறுநாள் முகூர்த்தம். பொண்ணுக்குப் போட்டுப் பார்த்து, பிடிக்கவோ விடவோ வேண்டியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து தரவேண்டும் என்று பேச்சு. காலையில் பூரி சாப்பிட்டோம். எட்டரை மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. மடியில் ஒரு பை, அவள் மடியில் ஒரு பை.

ஊரைத் தாண்டி பைபாஸில் ஏறி ஐந்து நிமிஷம் இருக்கும். படி ஏறவில்லை, நடக்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தேன். அந்தக் கனம் வந்தது.

முதலில் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். போகவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன் சீட்டுக் கம்பியில் தலை சாய்த்தேன். மறுபடி நிமிர்ந்தேன். பூரி என்று முடிவு செய்தேன். எண்ணெய் சரியில்லை, கேஸ் மேலே ஏறுகிறது. கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகவே ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். பெரிதாக ஏப்பம் வந்தது. அப்பாடா என்று இருந்தது. கேஸேதான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பஸ் கிளம்பியது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏப்பம் வந்து போன இடத்தில் அந்தக் கனம் அப்படியே இருந்தது. இப்போது இடது தோள்வரை போனது. தாடையும் சேர்ந்துகொண்டது.

இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கி எங்கே போவது? விழுப்புரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். விழுப்புரம் போனால் கல்யாண வீடு. முதலில் ரவிக்கை, பிறகு டாக்டர். இல்லை, ரவிக்கையை இவளிடம் கொடுத்தனுப்பிவிட்டு நான் மட்டும் போகலாம். போனால் என்ன சொல்வேன்? பூரி சாப்பிட்டேன் என்றா? வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கும் ஆட்களோடு இருப்பார், போன் வரப்பில் இருக்கும். ஒரு தடவை அடித்ததுமே கட் செய்துவிட்டேன். மறுபடி போட்டேன், மறுபடி கட் செய்தேன். கையில் பிசுபிசுவென்று வேர்வை. ஜன்னலில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எதிர் வரிசைச் சீட்டுக் கிழவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் ரவிக்கை முதுகு நனைந்துவிட்டது.

அதைத்தான் நாத்தனார் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, இப்டி வேர்த்துக்கினு இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. புழுக்கம்."

"புழுக்கமா? எனக்குக் குளுருது." என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். ஈரமும் சில்லிப்பும் பட்டதும் அவள் முகம் மாறியது. "எங்கனா வலிக்குதா?"

"பூரி ஒத்துக்கல. கேஸு."

"நான் இன்னா சாப்டேன்? அதே பூரிதான். எங்க வலிக்குதுன்னு ஒரு வெரலால காட்டுங்க."

காட்டப் போனேன். எங்கே வைப்பது என்று விரலுக்குத் தெரியவில்லை. கையை விரித்து நெஞ்சு முழுக்க வைத்தேன். பிறகு என்னை அறியாமல் விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்து அழுத்தினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பப் போனாலும் டாக்டரு இதத்தான் மொதல்ல கேப்பாரு. நான் வெரல வச்சு இந்த எடம்னு காட்டுவேன். அமுக்கிப் பாப்பாரு. வலிக்கும். சரிம்மா, பயப்படாதீங்கம்பாரு. உங்களுக்கு அமுக்குனா வலிக்குதா?"

அமுக்கிப் பார்த்தேன். வெளியே வலிக்கவில்லை. உள்ளேதான்.

"கைக்குப் போவுதா?"

"தோளுக்கு."

"தாடை?"

என் கை தானாகத் தாடைக்குப் போனது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பயமாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். "கண்டக்டர் சார்! இங்க வாங்க சார், ஜல்தி!"

"ஏய், உக்காருடி. மானத்த வாங்காத. பஸ்ஸே பாக்குது."

"பாக்கட்டும்."

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வலியைவிட அந்தப் பார்வைகள்தான் பெரிதாகத் தெரிந்தன. இத்தனை பேருக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கவலை. ஒன்றுமில்லை என்று ஆவது நல்ல விஷயம் என்பதே அப்போது மனசில் ஏறவில்லை.

கண்டக்டர் வந்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் டிரைவரிடம் போனார். நாத்தனார் அதற்குள் நூற்றியெட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். "திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போற பஸ்ல போய்க்கினு இருக்கோம்... அம்பத்தி மூணு வயசு... சுகர் இருக்குது... நெஞ்சு அமுக்குது, வேர்க்குது, தோளுக்கும் தாடைக்கும் போவுது." ஒரு வார்த்தை அதிகமில்லை, குறைவில்லை. எதிர்முனையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஒரு வண்டி நிற்பதாகவும், பஸ்ஸை அங்கே நிறுத்தச் சொல்லும்படியும் சொன்னார்கள். டிரைவர் நடுவில் கை காட்டியவர்கள் யாருக்கும் நிறுத்தவில்லை.

சாவடிக்கு முன்னால் ஓரம் கட்டியபோது ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. நான் நடந்தே ஏறுகிறேன் என்றேன். விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். பஸ் ஜன்னல்களில் எல்லாத் தலையும் தெரிந்தது. ஆம்புலன்ஸில் இருந்த பெண், வயிற்றுப்புண் உண்டா, ரத்தக்கசிவு உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிட்டு ஒரு மாத்திரையைத் தந்தாள். "முழுங்காதீங்க. கடிச்சு மென்னு சாப்டுங்க."

மென்றுகொண்டே நாத்தனாரிடம் கேட்டேன்: "ரவிக்க?"

"கண்டக்டர்கிட்ட குடுத்துட்டேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல பொண்ணோட அண்ணன் வந்து வாங்கிக்குவாரு. போன் பண்ணிட்டேன்."

"அரக்குக் கலர்ல அடிக் கொக்கி ஒண்ணு கட்டல."

"அவங்க வூட்ல ஊசி நூலு இருக்காதா? சும்மா படுங்க அண்ணி."

விழுப்புரத்துக்கு முன்னாலேயே நெடுஞ்சாலையோரம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே போனதும் பெயர் எழுதுவதற்கு முன்பே ஈசிஜி எடுத்தார்கள். பணியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காகிதத்தை விளக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தார்.

"இப்போதைக்கு இதுல பெரிய மாற்றம் எதுவும் தெரியலம்மா."

மாத்திரையோ படுத்திருந்ததோ, எனக்கும் கனம் குறைந்திருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "நான் சொன்னேன்ல? கேஸு. இவதான் ஊரக் கூட்டிட்டா. கெளம்பட்டுமா டாக்டர்? ஒரு கல்யாண வூட்டுக்குப் போவணும்."

"இல்லம்மா. ஒரு ஈசிஜி நல்லா இருந்தா மட்டும் போதாது. சில பேருக்கு மொதல்ல காட்டாது. ரத்தம் எடுத்திருக்கோம், கொஞ்ச நேரத்துல மறுபடி ஈசிஜி எடுப்போம். அதுவரைக்கும் எந்திரிக்காதீங்க."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலைக் கீழே தொங்கவிட்டேன். மேலே எடுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பொண்ணு வீட்டில் ரவிக்கை போய்ச் சேர்ந்ததா என்று மூன்று தடவை கேட்டேன். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லி இறங்கிச் செருப்பைத் தேடினேன். உண்மையில் வாசல்வரை போய்விட வேண்டும் என்றுதான் எண்ணம். நாத்தனார் குறுக்கே நின்றாள்.

"எங்க போறீங்க?"

"வூட்டுக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. உன்ன மாதிரி எல்லாம் வந்து இங்க படுத்துக்கினு கெடக்க எனக்கு நேரம் இல்ல."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லியாகிவிட்டது.

அவள் கத்தவில்லை. அவளுக்குக் கத்தத் தெரியும், ஆனாலும் கத்தவில்லை. "ஆமா அண்ணி, நான் வந்து படுத்துக்கினுதான் கெடந்தேன். நீங்க கடைல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சப்பவும் வந்தேன். எனக்கு அப்ப மெய்யாலுமே பயமா இருந்துச்சு. பயந்தா வந்து கேட்டுட்டுப் போயிடுவேன். நீங்க பயந்தா சிரிக்கிறீங்க. அவ்ளோதான் வித்தியாசம். செருப்ப வுடுங்க."

அவள் செருப்பைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் திரும்பப் படுத்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுததாலா வேறு எதனாலா தெரியவில்லை, அந்தக் கனம் திரும்பி வந்தது. இந்தத் தடவை மூச்சும் போதவில்லை. அவள் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தாள்.

இரண்டாவது ஈசிஜி காகிதத்தை டாக்டரம்மா அதிக நேரம் பார்க்கவில்லை. ரத்த ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. என் கட்டிலருகே குனிந்து சொன்னார்.

"அட்டாக்தான்மா. பெருசா சேதம் ஆகறதுக்குள்ள வந்துட்டீங்க. இனிமே நாங்க பாத்துக்கறோம். ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லுங்க. இன்னைக்குத்தான் மொத தடவையா?"

நாத்தனாரைப் பார்த்தேன். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, படி, திங்கள், செவ்வாய், பல்.

டாக்டரம்மா திட்டவில்லை. "ஏறும்போது வந்து, நின்னா போகுது. அதுவே ஒரு எச்சரிக்கைதான்மா. ஞாயித்துக்கிழமையே வந்திருக்கணும். பொம்பளைங்க நெறைய பேர் இப்படித்தான், பல்வலி, முதுகுவலி, கேஸுன்னு நெனச்சுட்டு வீட்டுலயே இருந்துடறாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு வலியே சரியாத் தெரியாமலும் போகலாம்."

 நான்கு நாளும் நாத்தனார் எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள். அதை அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

மதியம் என் வீட்டுக்காரர் வந்தார். ஒலக்கூரிலிருந்து யாருடைய வண்டியிலோ. முழங்கால்வரை செம்மண். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். நீலத் துணி ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"காலைல எனுக்கு ரெண்டு தபா போன் வந்து கட்டாயிருக்குதே. நீதானா?"

"நான்தான்."

"முழுசா அடிக்க வுட்டிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு கட்டிலின் விளிம்பிலிருந்த ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து வேண்டாம் என்றாள்.

மறுநாள் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் ஒரு ரத்தக்குழாய் பெரும்பகுதி அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். விழுப்புரத்தில் அந்நேரம் தாலி கட்டியிருப்பார்கள். ரவிக்கையெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதாகப் பொண்ணின் அம்மா போனில் சொன்னதாக நாத்தனார் சொன்னாள். என்னைத் தூங்கவைப்பதற்காகச் சொன்னாளோ என்னவோ, நான் திரும்பக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பார்வை நேரத்தில் அவள் இட்லி கொண்டுவந்தாள். சட்னி உப்பில்லாமல் இருந்தது. நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கடைல உன்னச் சொல்லிச் சிரிச்சதெல்லாம் தப்புடி" என்றேன்.

"சாப்டுங்க."

"இல்ல, நான் சொல்லணும்."

"சொல்லிட்டீங்க இல்ல? இன்னொரு இட்லி வைக்கட்டுமா?"

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் இனி நிம்மதி என்றார்கள். எனக்கு அதன் பிறகுதான் நிம்மதி போனது. முன்பு நெஞ்சில் எது வந்தாலும் ஒன்றுமில்லை என்பேன். இப்போது ஒன்றுமில்லாததெல்லாம் அதுவோ என்று தோன்றியது. இருமினால் அது. சட்டென்று குனிந்தால் அது. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே உட்கார்ந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். தேடினால் ஏதாவது இருக்கத்தானே செய்யும். கடைப் படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நெஞ்சைக் கவனித்தேன். மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் என் நாடித்துடிப்பு காதில் கேட்பதுபோல இருந்தது. இரண்டு மாதம் ஒரு ரவிக்கைக் கையைக்கூடச் சரியாக வெட்டவில்லை.

நெடுஞ்சாலையோர ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது அதே டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "எதுக்கு வரணும், எதுக்கு வரக்கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெனம் பத்து தபா பயப்படறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அமுக்குவது, இறுக்குவது, கனப்பது, எரிவது, எந்த மாதிரி இருந்தாலும் சரி, உட்கார்ந்தும் நிற்கவில்லை என்றால் அல்லது கை, தாடை, முதுகு என்று போனால், வேர்த்தால், மூச்சு வாங்கினால், குமட்டினால், தலை சுற்றினால், உடனே நூற்றியெட்டு. சோடா வாங்கிக் குடித்துப் பார்க்கக்கூடாது, பஸ்ஸில் ஏறக்கூடாது, தானாக வண்டி ஓட்டிக்கொண்டு வரக்கூடாது. திரும்பினால் வலிக்கிறது, தொட்டால் வலிக்கிறது, கண் சிமிட்டும் நேரம் குத்திவிட்டுப் போகிறது என்றால் பெரும்பாலும் தசையாக இருக்கும்.

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்தான்மா. நூத்துக்கு நூறு வீட்டுல உக்காந்து யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது. அதுக்குத்தான் மெஷின் வச்சிருக்கோம். சந்தேகம் இருந்தா வாங்க."

அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை வீடுவரை கொண்டுவந்தேன். அதோடுதான் இன்னமும் குடித்தனம்.

ஐப்பசி மழையில் ஒரு பகல், கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிவைத்த பிறகு இடது பக்கம் பிடித்துக்கொண்டது. திரும்பினால் வலித்தது. தசையாகத்தான் இருக்கும் என்று அறிவு சொன்னது. ஆனால் லேசாக வேர்த்த மாதிரியும் இருந்தது. வேலை செய்த வேர்வையா, அந்த வேர்வையா? கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நான்கு தடவை நடந்தேன். பிறகு நடப்பதை நிறுத்தினேன். நூற்றியெட்டுக்கும் நாத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் போன் செய்தேன். இந்தத் தடவை முழுசாக அடிக்கவிட்டேன்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, என் பழைய காகிதத்தோடு வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சாயந்திரம்வரை காத்திருக்கவைத்து மறுபடி எடுத்தார்கள். வயதான டாக்டர் ஒருவர் விலாவில் ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் "அம்மா" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தைலம் எழுதித் தந்தார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. இரண்டு பேர் பாதி நாள் வீண், ஆம்புலன்ஸ் வேறு. குழாய் ஊசியை எடுத்துப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த நர்ஸிடம், "சும்மாவே உங்கள எல்லாம் பேஜாரு பண்ணிட்டேம்மா" என்றேன்.

"அப்டிலாம் நெனச்சுக்காதீங்கம்மா. இன்னைக்குக் காலைலேர்ந்து நெஞ்சுன்னு அஞ்சு பேர் வந்தாங்க. நாலு பேரு நடந்து வூட்டுக்குப் போறீங்க. அந்த ஒருத்தரு யாருன்னு வர்றப்ப எங்களுக்கும் தெரியாது."

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போனாள். வெளியே மழை விடவில்லை. வீட்டுக்காரர் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஏறச் சொல்லிக் கையை ஆட்டினார். நாத்தனாரும் நானும் ஒரு குடைக்குள் நடந்தோம். ஆட்டோவில் ஏறும்போது விலா சுருக்கென்றது. நின்று, மூச்சை இழுத்துப் பார்த்தேன். பிறகு உள்ளே நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.